வெள்ளைப் பையில் சிவப்புத் தூள்

கிருபாவதியைப் பெண் பார்க்க வந்த அன்று, கொடுத்த காபி ஆறுவதற்குள் தியோடர் சரி என்று சொல்லிவிட்டார். அதே மனிதர் தன் மரப்பட்டறைக்குத் தூசி உறிஞ்சும் மிஷின் ஒன்று வாங்க மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போதும் ஒரு கையில் போன். போனுக்குள் யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஏதோ ஒரு மிஷினின் மூடியைத் திறப்பார், பையை உருவுவார், ஃபில்டரைத் தட்டுவார், மறுபடி மூடுவார். தியோடர் அதைப் பார்த்துக்கொண்டே சாம்பார் என்று நினைத்து ரசத்தை ஊற்றிக்கொள்வார். இவ்வளவு பார்த்து என்னைக் கட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன் என்று கிருபாவதி சொல்லிப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார், காதில் விழுந்ததற்கான அறிகுறி எதுவும் இல்லை.

சித்தூரில் அவர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரு கதவுதான், அதையும் யாரும் சாத்துவதில்லை. கல்யாணமான நாளிலிருந்து கிருபாவதி மரத்தூளோடுதான் குடித்தனம் நடத்துகிறாள். தேக்குத்தூள், வேப்பந்தூள், பிளைவுட் தூள் எல்லாம் அவளுக்குப் பழக்கம். எல்லாம் ஒரு மாதிரி வெளிர் மஞ்சள். உதறினால் போய்விடும். மிச்சத்தைக் கோழிப்பண்ணை கங்கையா வாரத்துக்கு ஒருமுறை வந்து கோழிகளுக்கு அடியில் பரப்ப அள்ளிக்கொண்டு போய்விடுவார். யாருக்கும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஏற்பாடு அது.

திருப்பதியில் ஒரு டாக்டர் புது வீடு கட்டியதில்தான் எல்லாம் கெட்டது. வாசல் கதவும் மாடிப்படிக் கைப்பிடியும் சிவப்பு மரத்தில் வேண்டும், கப்பலில் வருகிற மரம்தான் வேண்டும் என்று அவருக்கு ஆசை. மரம் ஒரு விடியற்காலையில் மூடிய வண்டியில் வந்து இறங்கியது. ஈரம் படக்கூடாது என்று தியோடர் அதன்மேல் தார்ப்பாயைப் போர்த்திக் கட்டினார். அதற்கு ஒரு பெயரும் சொன்னார். கிருபாவதி அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தாள், பெயர் மனதில் நிற்கவில்லை. கதவும் கைப்பிடியும் செய்து முடிந்து, பாலிஷ் போட்டு, திருப்பதிக்குப் போயும் சேர்ந்தாகிவிட்டது. தூள் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

சிவப்பு என்றால் சாதாரணச் சிவப்பு இல்லை. மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்குகிற சாண்டர் ஓடுகிறபோது கிளம்புகிற தூள் மாவை விட மெலிசு. அது கொசுவலைக்குள்ளும் போனது, தயிர்ச் சட்டிக்குள்ளும் போனது. வீட்டு வெள்ளைப் பூனை இளஞ்சிவப்பாகத் திரிந்தது. தியோடர் தும்மினால் கைக்குட்டையைப் பார்த்துத் தெரியாதவர்கள் பதறிப்போவார்கள். கோயில் பாடகர் குழுவில் எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டு நின்றால், தியோடரின் காலர் மட்டும் கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மாதிரி இருந்தது.

வேறு ஊராக இருந்தால் இதைப் பார்த்து நாலு பேர் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் சேஷாசலம் மலைக்குக் கீழே குடியிருக்கிறவர்கள் சிவப்பாக ஒரு மரத்தூளைப் பார்த்தால் நினைப்பது ஒன்றே ஒன்றுதான். தெலுங்கில் எர்ர சந்தனம், தமிழில் செம்மரம். வெட்டினால் ஜெயில், வைத்திருந்தால் ஜெயில். பெயரைக்கூட யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ‘அது’ என்றாலே போதும். பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா மதில் மேலிருந்து பேசுகிறவள், இப்போது கிட்ட வந்து குரலைத் தாழ்த்தி, அண்ணனுக்கு வேலை நல்லா நடக்குதா என்று கேட்டாள். பால்காரர் கேட்டுக்கு உள்ளே வருவதை நிறுத்திவிட்டார். கங்கையா ஒருநாள் வந்து, குவியலைப் பார்த்து, சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்த வாரம் கோழிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கோழிகளை அவர் கேட்டுவிட்டு வந்ததாகத் தெரியவில்லை.

தெருவுக்காகக் கிருபாவதி கவலைப்பட்டிருக்க மாட்டாள். அவள் கவலை கேசியா. ஒரே மகள், திருப்பதியில் ஒரு லேபில் வேலை. அங்கே இஸ்ரேல் என்று ஒரு பையனைப் பிடித்துப்போய், இரண்டு வருஷம் தயங்கி, இப்போதுதான் இரண்டு வீட்டிலும் சொல்லியிருக்கிறார்கள். பையன் தங்கமான பையன். இடைஞ்சல் என்னவென்றால், அவனுடைய அப்பா ஆசீர்வாதம் வனத்துறையில் ரேஞ்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். சர்வீஸ் முழுக்க அந்த மரத்துக்குக் காவல் இருந்தவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் குடும்பத்தோடு வீடு பார்க்க வருகிறார்கள், எல்லாம் சரியாக இருந்தால் அன்றைக்கே தேதி குறிப்பார்கள் என்று கேசியா போனில் சொன்னபோது, கிருபாவதி ஜன்னல் கம்பியைத் தடவிப் பார்த்தாள். விரல் சிவந்தது.

இன்னொன்றும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மரம் நிஜமாகவே கப்பலில் வந்ததா? விடியற்காலையில் ஏன் வந்தது? மூடிய வண்டியில் ஏன் வந்தது? தியோடர் பொய் சொல்கிறவர் இல்லை, ஆனால் எதையும் முழுசாகச் சொல்கிறவரும் இல்லை. வாயைத் திறந்து கேட்டுவிட்டால் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். கேட்காமல் இருந்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. அவள் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, வெள்ளிக்கிழமை காலையில் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, இன்றைக்கு மிஷின் வாங்காமல் வீடு திரும்புவதில்லை என்று அறிவித்தாள்.

திருப்பதி பஸ்ஸில் தியோடர் மடியில் ஒரு பெரிய துணிப்பை. அதில் சாண்டர், மரத்தில் பள்ளம் எடுக்கிற ரௌட்டர், கையில் பிடிக்கிற இழைப்பு மிஷின் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றிலும் தூள் வெளியேறும் மூக்கு ஒவ்வொரு அளவாம், குழாய் பொருந்துகிறதா என்று மாட்டிப் பார்க்காமல் வாங்கக்கூடாதாம். சரி, நியாயம்தான். சந்திரகிரி தாண்டும்போதுதான் அடியில் இன்னொரு பொட்டலம் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. மிஷின் எப்படி இழுக்கிறது என்று பார்க்க, இரண்டு கை சிவப்புத் தூளைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வழியில் ஒரு சோதனைக்காக பஸ்ஸை நிறுத்தி ஒரு போலீஸ்காரர் ஏறியபோது, கிருபாவதி அந்தப் பொட்டலத்தைப் பிடுங்கி எலுமிச்சை சாதம் இருந்த டப்பாவுக்குள் திணித்து மூடினாள். போலீஸ்காரர் இவர்கள் பக்கமே திரும்பவில்லை. மதியம் இருவரும் ஓட்டலில் சாப்பிட வேண்டியதாயிற்று.

கடைக்காரர் முனிகிருஷ்ணனுக்கு வாடிக்கையாளர்களைக் கண்டால் ஆசை, பேசுவதில் அதைவிட ஆசை. முதலில் உயரமாக ஒன்றைக் காட்டினார். மேலே ஒரு துணிப்பை பலூனாக உப்பும், கீழே ஒரு பை நிரம்பும். இழைப்பில் வருகிற சீவலை வண்டி வண்டியாக வாருமாம். தியோடர் அந்தத் துணியைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, சீவல் நிற்கும், மெல்லிய தூள் இதன் வழியாக மறுபடி வீட்டுக்குத்தான் வரும் என்றார். அடுத்தது வீடு கூட்டுகிற வேக்குவம். அதன் ஃபில்டர் ஒரு மணி நேரத்தில் அடைத்து மூச்சு முட்டிவிடும் என்று அதையும் தள்ளினார். மூன்றாவதாக வந்தது, சக்கரம் வைத்த ஒரு குட்டை மிஷின். மெல்லிய குழாய், உள்ளே ஒரு பை, அதற்குப் பிறகு மடிப்பு மடிப்பாக ஒரு ஃபில்டர். சாண்டரின் பிளக்கை அதன் தலையிலேயே செருகிவிட்டால், சாண்டர் ஓடும்போது தானாக ஓடும், நின்றால் இரண்டு மூச்சு கூடுதலாக இழுத்துவிட்டுத் தானாக நிற்கும். தியோடர் முகத்தில், மூன்று மாதமாக வராத வெளிச்சம் வந்தது.

குழாயை ஒவ்வொரு மிஷினின் மூக்கிலும் மாட்டிப் பார்த்தார். சாண்டருக்குச் சரியாக இருந்தது. ரௌட்டருக்கு இடையில் ஒரு ரப்பர் வளையம் வேண்டியிருந்தது. பிறகு எலுமிச்சை சாத டப்பாவைத் திறந்து, கடையின் வெள்ளை டைல்ஸ் தரையில் பொட்டலத்தை அவிழ்த்துக் கொட்டினார்.

முனிகிருஷ்ணன் பேச்சு நின்றது. எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தார்.

“இதி அதேனா?” என்றார் தெலுங்கில், தூளைப் பார்த்தபடி. அதுதானா இது என்று.

தியோடர் சிரித்தார். இது வெளிநாட்டு மரம், பில் இருக்கிறது என்றார். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று முனிகிருஷ்ணன் மரியாதையாகவே பதில் சொன்னார். தினம் மரத்தூளோடு புழங்குகிற ஆளே இப்படிச் சொன்னதும், கிருபாவதி பாதி இறங்கிய ஷட்டரைப் பார்த்தாள். மிஷின் மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் தரையில் இருந்த சிவப்பைத் துடைத்த மாதிரி உறிஞ்சி முடித்தது.

அப்புறம் பைக்கு வந்தார்கள். அந்த மிஷினுக்கு இரண்டு விதமாகப் போடலாம். ஒன்று தடித்த நாரில் செய்த வெள்ளைப் பை. காற்றை வெளியே விட்டுத் தூளை உள்ளே பிடித்துக்கொள்ளும், நிரம்பினதும் அதன் வாயை ஒரு மூடியால் அடைத்து அப்படியே எடுத்துவிடலாம், ஒரு துளி சிந்தாது, ஃபில்டரும் சீக்கிரம் அழுக்காகாது. இன்னொன்று கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் பை. விலை குறைவு, எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்ததும் தெரியும், ஆனால் ஃபில்டரை அடிக்கடி தட்டவேண்டும். தியோடர் பிளாஸ்டிக்கே போதும் என்றார். கிருபாவதி அன்றைக்கு முதல் முறையாகக் குரலை உயர்த்தினாள்.

“இந்த ஊர்ல செவப்புத் தூள கண்ணாடிப் பையில போட்டு வாசல்ல வெக்கிறதா? வெள்ளப் பையே குடுங்க. மூடி இருக்கணும்.”

தியோடர் அவள் முகத்தை ஒரு நொடி பார்த்தார். சரி என்று வெள்ளைப் பையையே எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை முழுக்க வீடு அதிர்ந்தது. தியோடர் உத்தரத்தில் ஏறி உட்கார்ந்து மேலே உறிஞ்சினார், கிருபாவதி கீழே அலமாரி இடுக்கு, சுவர் மூலை, மேஜைக்கால் என்று குழாயோடு தவழ்ந்தாள். ஒரு பை நிரம்பினால் மூடியை அழுத்தி எடுத்து வைத்துவிட்டு அடுத்ததை மாட்டுவார்கள். பட்டறை முடிந்து, வீடு முடிந்து, கடைசியில் பூனையையும் பிடித்துப் பார்த்தார்கள். பூனை மதில் தாண்டிப் போனது, சாயங்காலம் வரை திரும்பவில்லை. மூலையில் கிடந்த சிவப்புக் கட்டைத் துண்டுகளைப் பொறுக்கி, தியோடர் குளிக்கப் போயிருந்த நேரத்தில், கிருபாவதி வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தாள். நிரம்பிய வெள்ளைப் பைகளை வெளியே வைக்க மனம் வரவில்லை. கங்கையா வாங்கமாட்டார், குப்பை வண்டிக்காரர் பிரித்துப் பார்ப்பார். எல்லாவற்றையும் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் வரிசையாகத் தள்ளி, போர்வையைத் தரை தொடும்படி இழுத்துவிட்டாள். கையைத் தட்டிக்கொண்டு நின்று பார்த்தபோது வீடு அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு அவளுக்கு நல்ல தூக்கம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். இஸ்ரேலின் அம்மா உள்ளே நுழைந்ததும் கேசியாவின் கையைப் பிடித்துக்கொண்டவர் விடவே இல்லை. இஸ்ரேல் சோபாவின் நுனியில் உட்கார்ந்து தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆசீர்வாதம் நல்ல உயரம், நரைத்த மீசை, எதையும் அவசரமாகப் பார்க்காத கண். பாட்டு, கோயில், வெயில், இந்த வருஷம் பங்காருபாளையத்தில் மாங்காய் வரத்து என்று எல்லாம் பேசினார்கள். கிருபாவதி பூரிக்கு மாவு பிசைந்து பாதி தேய்த்து வைத்திருந்தாள், மசால் அடுப்பில் இருந்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சாப்பிடுவதற்கு முன்னால் பட்டறையைப் பார்க்கலாமா என்று ஆசீர்வாதம் கேட்டார். தாராளமாக என்று தியோடர் எழுந்தார். கிருபாவதியும் பெருமையோடு பின்னாலேயே போனாள்.

ஆசீர்வாதம் பட்டறைக்குள் நின்று மேலே பார்த்தார், கீழே பார்த்தார். ரம்ப மேஜைக்கு அடியில் குனிந்து விரலை விட்டுத் தடவி, விரலைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. அவர் முகம் மாறியது.

“சர்வீஸ்ல எத்தினியோ பட்டறைய பாத்துட்டேன் பிரதர். தூளே இல்லாத மரப்பட்டறைய இன்னிக்குத்தான் பாக்குறேன்,” என்றார். “எதுனா மறைக்கணும்னாதான் இப்பிடிக் கூட்டுவாங்க.”

கிருபாவதியும் அந்த மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஒரு நாள் முழுக்கத் தவழ்ந்து தவழ்ந்து தானே சாட்சியைத் தயார் செய்திருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. தியோடருக்கு அது புரியவில்லை. புது மிஷினின் வேலையை ஒருவர் பாராட்டிவிட்டார் என்ற சந்தோஷத்தில், அதன் பூட்டைத் தட்டித் திறந்து, வெள்ளைப் பையை உருவிக் காட்டினார். ஆசீர்வாதம் மூடியை நெம்பி உள்ளே பார்த்தார். இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தார், மூக்கருகே கொண்டுபோனார். மீதிப் பைகள் எங்கே என்று கேட்டார்.

“கட்டிலுக்கு அடியில கீது,” என்றார் தியோடர். அந்த மனிதருக்குப் பொய் வராது, வந்தாலும் அந்த நேரத்துக்கு வராது.

எல்லோரும் படுக்கையறைக்குப் போனார்கள். போர்வையைத் தூக்கினால், வாய் அடைத்த வெள்ளைப் பைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இஸ்ரேலின் அம்மா கேசியாவின் கையை விட்டார். கேசியா அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கிருபாவதியால் தாங்க முடியவில்லை.

கூடத்துக்குத் திரும்பி உட்கார்ந்ததும் தியோடர் பில்லைக் கொண்டுவந்து நீட்டினார். ஆசீர்வாதம் அதை மரியாதையாக வாங்கி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். பில் அடிப்பதுதான் இந்தத் தொழிலிலேயே சுலபமான வேலை என்றார். தூளை வைத்து நிச்சயமாக எதுவும் சொல்ல முடியாது, கட்டை ஒன்று இருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும் என்றார். அந்த மரத்தின் வைரம் பாய்ந்த கட்டை கல்லைப் போல, தண்ணீரில் போட்டால் முழுகிவிடும். வேறு மரம் என்றால் மிதக்கும். அவ்வளவுதான் சோதனை. தியோடர் உற்சாகமாகப் பட்டறை மூலைக்கு ஓடினார், வெறுங்கையோடு திரும்பிவந்தார்.

“கிருபா, மூலையில துண்டெல்லாம் இருந்துச்சே?”

“எரிச்சிட்டேன்,” என்றாள் கிருபாவதி.

ஆசீர்வாதம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு மெதுவாகத்தான் பேசினார். “நான் யாரையும் குத்தம் சொல்ல வரல. பையன் ஆசப்படுறான், பொண்ணும் நல்ல பொண்ணு. ஆனா அதுக்காக நான் கண்ண மூடிக்கினு போக முடியாது. கூட வேல செஞ்சவங்க அந்தக் காட்டுல அடி வாங்கினதப் பாத்திருக்கேன்.” இஸ்ரேலைப் பார்த்துப் போகலாம் என்று தலையசைத்தார். இஸ்ரேல் எழுந்திருக்கவில்லை, உட்காரவும் இல்லை, நடுவில் எங்கோ நின்றான்.

அப்போதுதான் கிருபாவதிக்குப் பூரிக்கட்டை ஞாபகம் வந்தது.

கதவுக்கு வந்த மரத்தில் மிச்சமான ஒரு துண்டைக் கடைந்து, போன மாதம் தியோடர் அவளுக்குப் புதுப் பூரிக்கட்டை செய்து கொடுத்திருந்தார். தினமும் கையில் புழங்குவதால் அதைச் சிவப்புக் கட்டையாக அவள் நினைக்கவே இல்லை, எரிக்கவும் தோன்றவில்லை. அவள் யாரிடமும் எதுவும் சொல்லாமல் சமையலறைக்குள் போனாள். கட்டை பலகைமேல் கிடந்தது, மாவு படிந்து, மாவு உதிர்ந்த இடத்தில் மட்டும் சிவந்து. எடுத்தாள். கனமாகத்தான் இருந்தது. இவ்வளவு கனம் இதற்கு முன்னால் இருந்ததா என்று தெரியவில்லை.

பக்கத்திலேயே தண்ணீர் டிரம் முழுக்க நிறைந்திருந்தது. ஒருமுறை போட்டுப் பார்த்தால் போதும். மிதந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். முழுகினால் துடைத்து மாவு டப்பாவுக்குள் புதைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது, கல்யாணம் நின்றாலும் தியோடர் தப்பிப்பார். அவள் கை டிரம்முக்கு மேலே போய் நின்றது. வெளியே தியோடர் குரல் கேட்டது. மிஷினின் சத்தம் எவ்வளவு குறைவு என்று அந்த மனிதர் ரேஞ்சருக்கு விளக்கிக்கொண்டிருந்தார், மகளின் கல்யாணம் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிற நேரத்தில். திருடுகிறவன் இப்படிப் பேசமாட்டான். இந்த ஆளையா மூன்று வாரமாகச் சந்தேகப்பட்டோம் என்று அவள்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. கையை இழுத்துக்கொண்டு, ஒரு பக்கெட்டில் தண்ணீர் மொண்டுகொண்டு, இன்னொரு கையில் கட்டையோடு கூடத்துக்கு வந்தாள். பக்கெட்டை ஆசீர்வாதத்தின் காலடியில் வைத்தாள்.

“அதே மரம்தாங்க. மிச்சத்துல செஞ்சது. நீங்களே போடுங்க.”

அவர் கட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். கையில் எடை பார்த்தார். பிறகு பக்கெட்டுக்கு மேல் பிடித்து விட்டார்.

கட்டை தொபுக்கென்று உள்ளே போனது. மாவு கரைந்து தண்ணீர் பால்போல் கலங்கியது, ஒன்றும் தெரியவில்லை. கேசியா அம்மாவின் முந்தானையைப் பிடித்தாள். அந்தக் கலங்கலுக்குள்ளிருந்து கட்டை மேலே வந்தது. முக்கால் உடம்பு தண்ணீரில், முதுகு மட்டும் வெளியே. ஆசீர்வாதம் அதை விரலால் அமுக்கினார். அது போய்விட்டு மறுபடி வந்தது. இன்னொரு முறை அமுக்கினார், வேண்டுமென்றே. அப்போதும் வந்தது.

ஆசீர்வாதம் சிரிக்க ஆரம்பித்தார். அப்படி ஒரு சிரிப்பு அந்த மீசைக்குள் இருக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ விதமாகப் பிடித்திருக்கிறேன், பூரிக்கட்டையால் விடுதலையான கேஸ் இதுதான் முதல் என்றார். கிருபாவதி சிரிக்கப் பார்த்தாள், அழுகை வந்தது. இஸ்ரேல் ஒருவழியாக உட்கார்ந்தான். இஸ்ரேலின் அம்மா மறுபடி கேசியாவின் கையைப் பிடித்தபடியே சமையலறைக்குள் நுழைந்து, எண்ணெய் காய்கிறது, மாவு எங்கே என்று கேட்டார். ஈரக்கட்டையில் மாவு ஒட்டிக்கொண்டு முதல் நாலைந்து பூரி ஆளுக்கொரு ஜில்லா வரைபடமாக வந்தது. ஆசீர்வாதம் அவற்றைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். துன்னுறதுக்கு உருவம் எதற்கு என்றார். தேதி குறித்தார்கள். கிளம்பும்போது வாசலில் நின்று கிருபாவதியிடம் ஒரே ஒரு யோசனை சொன்னார்.

“அந்தப் பைய எல்லாம் கட்டிலுக்கு அடியில வெக்காதம்மா. பாக்குற மாதிரி வெய்யி. பாத்தா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க.”

திங்கட்கிழமையே அவள் திருப்பதி போனாள், தனியாக. முனிகிருஷ்ணன் அவளைப் பார்த்ததும் ஷட்டர் பக்கம் திரும்பினார். அவள் உட்கார்ந்து, பூரிக்கட்டைக் கதையை முழுக்கச் சொல்லி, பிரிக்காத வெள்ளைப் பைகளைக் கொடுத்துவிட்டுக் கண்ணாடிப் பைகளாக மாற்றிக்கொண்டாள். ஃபில்டரைத் தட்டவேண்டியிருக்குமே என்று அவர் ஞாபகப்படுத்தினார். நான் தட்டிக்கொள்கிறேன் என்றாள்.

இப்போது வீட்டு வாசலில், கேட்டுக்குப் பக்கத்தில், கட்டிலடிச் சிவப்புத் தூளை மாற்றி நிரப்பிய கண்ணாடிப் பை எல்லோரும் பார்க்க உட்கார்ந்திருந்தது. பால்காரர் உள்ளே வர ஆரம்பித்தார். கிருஷ்ணம்மா மதில் மேலிருந்தே, நல்ல சத்தமாக, அது என்ன மரம் என்று கேட்டாள். கேட்டுவிட்டு, கோலத்துக்குச் சிவப்புக் கலர் கடையில் வாங்குவதற்குப் பதில் இதையே தரமுடியுமா என்றும் கேட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வாசலில் தாமரைக் கோலம் சிவந்து கிடந்தது. கங்கையா மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார், கோழிகளைக் கலந்துகொண்டு சொல்வதாகக் கேள்வி.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கிருபாவதி பட்டறையில் உட்கார்ந்து ஃபில்டரைத் தட்டிக்கொண்டிருந்தாள். தியோடர் குழாயைச் சுருட்டி மாட்டினார். ஏதோ சொல்லவேண்டும் என்பது மாதிரி நின்றார். அவளுக்குத் தெரியும், ஒரு வாரமாகவே அவர் இப்படி நிற்பதும் போவதுமாக இருக்கிறார்.

“அன்னிக்கு நீ உள்ள போய் வெளிய வர ரொம்ப நேரமாச்சி,” என்றார் கடைசியில்.

கிருபாவதி தட்டுவதை நிறுத்தினாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். டிரம்முக்கு மேலே கை போனதை, மூன்று வார யோசனையை, எல்லாவற்றையும்.

“சொல்ல வேணாம்,” என்றார் தியோடர். “நீ தண்ணில போட்டுப் பாக்கல. தெரியும். அவர் கையில குடுக்கும்போது கட்டையில மாவு காஞ்சி இருந்துச்சி.”

அவ்வளவு பேருக்கு நடுவில், மகள் கல்யாணம் ஊசலாடுகிற நேரத்தில், மிஷினைப் பற்றிப் பேசிக்கொண்டே இந்த மனிதர் அந்த மாவைத்தான் பார்த்திருக்கிறார். கிருபாவதி ஃபில்டரைக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் சிவப்பு ஈஷிக்கொண்டது. தியோடர் குழாயை எடுத்துக்கொண்டு வந்தார், அவள் சிரித்துக்கொண்டே தட்டிவிட்டாள். பிறகு, மரம் வந்த அன்றைக்கே கேட்டிருக்கவேண்டியதை இப்போது கேட்டாள்.

“அந்த மரத்துக்கு இன்னா பேரு சொன்னீங்க?”

“படாக்,” என்றார் தியோடர். அது எந்த நாட்டுக் காட்டில் வளர்கிறது, எந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கியது, வண்டி ஏன் விடியற்காலையில் வந்தது, டிரைவர் வழியில் எங்கே டீ குடித்தார் என்று சொல்ல ஆரம்பித்தார். மிஷினைப் பற்றிச் சொல்கிற அளவுக்கே நீளமாகச் சொன்னார். கிருபாவதி கடைசி வரைக்கும் கேட்டாள்.